அறிவும் அதிகாரமும்: ஜின்ஜா நன்னீர் மீன் ஆய்வுநிலையத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு சமூக அமைப்பு எத்தகைய வினாக்களைக் கேட்பதற்கு ஆய்வாளருக்கு இடமளித்தது, அவ்வினாக்களுக்குப் பெறப்பட்ட விடைகளை ஏற்றவர் யார், புறக்கணித்தவர் யார், அவற்றின் பயன் எந்த வர்க்கத்தினரைச் சென்றடைந்தது என்பன அவ்வரலாறுகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன. இலக்கியம் சமூகத்தின் விளைபொருள் என்பதை ஒப்புக்கொள்வோர் பலரும், மீனின் நீளத்தையும் எடையையும் அளக்கும் ஆய்வுக்கூடம் சமூக முரண்பாடுகளுக்கு அப்பாற்பட்டது என்றே கருதுகின்றனர்.

இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விக்டோரியா ஏரியிலிருந்து நைல் நதி வெளியேறும் இடத்தில், உகண்டாவின் ஜின்ஜா நகரில், 1947இல் நிறுவப்பட்ட நன்னீர் மீன் ஆய்வுநிலையமே அவ்வெடுத்துக்காட்டு. இலக்கிய ஆய்வினைத் தொழிலாகக் கொண்ட நாம் இத்துறையினுட் புகுவதற்கு இரு காரணங்கள் உள. முதலாவது, இந்நிலையத்தின் வரலாற்றில் ஒரு சொல் தீர்மானமான பங்கினை வகித்துள்ளமை. சொற்களின் பொருளை அவற்றைப் பயன்படுத்துவோரின் சமூக நிலையோடு இணைத்து நோக்குவது நமது துறைக்கு உரிய பணியே. இரண்டாவது, நமது குளங்களிற் பிடிபடும் மீனிற் பெரும்பகுதி ஆபிரிக்காவிலிருந்து வந்த திலாப்பியா இனங்களைச் சேர்ந்ததாகும். எனவே ஆபிரிக்க ஏரியொன்றின் கரையில் நிகழ்ந்தவை நமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல.

2

விக்டோரியா ஏரி ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. இலங்கைத் தீவின் பரப்பிலும் சற்றுப் பெரியது. எனினும் அதன் மிகக் கூடிய ஆழம் 80 மீற்றர் அளவினதே. இன்று உகண்டா, கென்யா, தன்சானியா ஆகிய மூன்று நாடுகளும் அதனைப் பகிர்ந்துகொள்கின்றன. ஏரிக்கரையில் வாழ்ந்த மக்கள் கூடைகளையும் பொறிகளையும் பப்பைரசுக் கோரையால் முடைந்த இழுவைகளையும் கொண்டு மீன்பிடித்தனர். துறைகளும் கரைகளும் குலங்களின் உரிமைக்குட்பட்டிருந்தன. பிடிக்கப்பட்டது பெரும்பாலும் உண்பதற்கும், அயலிற் பண்டமாற்றுச் செய்வதற்குமே பயன்பட்டது.

இந்நிலையை மாற்றியவை இரண்டு. 1901இல் மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை இன்று கிசுமு எனப்படும் ஏரித்துறையை வந்தடைந்தது. 1905இல் ஐரோப்பாவிலிருந்து ஆளிநாரால் ஆன செவுள்வலை கொண்டுவரப்பட்டது. இருப்புப்பாதை மீனுக்குச் சந்தையை அளித்தது. வலை அச்சந்தைக்குரிய மீனை அளித்தது. லுவோ மக்கள் ங்கெகே என வழங்கும் உள்நாட்டுத் திலாப்பியா இவ்வாறு ஒரு பண்டமாயிற்று. வலையைத் தாமே முடையும் நிலையிலிருந்த மீனவர், அதனை விலைகொடுத்து வாங்குவோராக மாறினர். உற்பத்திக் கருவி உற்பத்தியாளனின் கையைவிட்டு நழுவத் தொடங்கியது இக்கட்டத்திலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது.

இருபதாண்டுகளுக்குள் ஒரு வலையில் விழும் மீனின் தொகை வெகுவாகக் குறைந்தது. மீனவர் கரையோர நீரைவிட்டு அப்பாற் செல்லவும், சிறிய வலைக்கண் உடைய வலைகளை நாடவும் தலைப்பட்டனர். இதனை ஆராயக் காலனித்துவ அரசுகள் மைக்கேல் கிரகம் என்னும் மீனியலாளரை அழைத்தன. 1927-28இல் அவர் நடத்திய ஆய்வின் அறிக்கை 1929இல் வெளியாயிற்று. அவ்வறிக்கையின் மூன்று கருத்துகள் நமது நோக்கிற்கு முக்கியமானவை. ஐந்து அங்குலத்திலும் சிறிய வலைக்கண் கொண்ட வலைகள் தடுக்கப்படல் வேண்டும் என்பது முதலாவது. ஏரி முழுவதற்கும் ஒரே அமைப்பு இருந்து, பிடிபாட்டுக் கணக்கைத் தொடர்ச்சியாகப் பேணல் வேண்டும் என்பது இரண்டாவது. வேறு நீர்நிலைகளிலிருந்து பெரிய கொன்றுண்ணி மீனைக் கொண்டுவந்து விடுவது, விரிவான முன்னாய்வு இன்றிச் செய்யப்படின், பேராபத்தினை விளைக்கும் என்பது மூன்றாவது.

இம்மூன்றனுள் முதலாவது மட்டும் 1930களில் சட்டமாயிற்று. மீனவரைக் கட்டுப்படுத்தும் பரிந்துரை விரைந்து ஏற்கப்பட்டதையும், அரசுகளைக் கட்டுப்படுத்தும் பரிந்துரைகள் ஒத்திவைக்கப்பட்டதையும் தற்செயலெனக் கொள்வதற்கில்லை.

3

ஜின்ஜா நிலையத்தின் மூலமுன்மாதிரியை இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரிக்கரையிற் காணலாம். 1929இல் தோற்றுவிக்கப்பட்ட நன்னீர் உயிரியற் சங்கம் 1931இல் அவ்வேரிக்கரையில் உள்ள ரே மாளிகையில் தன் ஆய்வுக்கூடத்தை அமைத்தது. கிரகமின் உதவியாளராக விக்டோரியா ஏரியிற் பணியாற்றிய ஈ. பி. வொர்திங்டன் 1937இல் அதன் பணிப்பாளரானார். போர்க்காலத்து உணவுத் தட்டுப்பாடு அந்நிலையத்தின் ஆய்வினை உற்பத்தியோடு நேரடியாக இணைத்தது. 1941 முதல் கம்பிவலைப் பொறிகளால் ஏரியின் பேர்ச் மீன்கள் பெருந்தொகையாகப் பிடிக்கப்பட்டுத் தகரத்தில் அடைக்கப்பட்டு உணவாக விற்கப்பட்டன. 1944இல் பைக் என்னும் கொன்றுண்ணி மீனையும் வலையிட்டுக் குறைக்கத் தொடங்கினர். போர் முடிந்தபின்னும் பொறிகளும் வலைகளும் ஆண்டுதோறும் அதே முறையில் இடப்பட்டன. 1976இல் ஒரு நோய் பரவி ஏரியின் வடபகுதியிலுள்ள முதிர்ந்த பேர்ச் மீன்களில் ஏறத்தாழ 98 வீதத்தைக் கொன்றபோது, அவ்வழிவின் அளவைத் திட்டவட்டமாகக் கூற முடிந்தது அத்தொடர்ச்சியான கணக்கு இருந்தமையாலேயே.

இவ்விடத்து நன்னீர் மீன் ஆய்வின் நடைமுறையைச் சிறிது விளக்குதல் தகும். ஒரு மீனை அளப்பதால் யாதும் தெரியவராது. ஆயிரக்கணக்கான மீன்களின் நீளம், எடை, பால், சினைப்பையின் நிலை, செதிலிலோ செவுள்மூடி எலும்பிலோ தெரியும் வயதுக்கோடு ஆகியவற்றைப் பல பருவங்களில், ஒரே வகைக் கருவியால், ஒரே முறையில் பதிவுசெய்தால் மாத்திரமே, ஒரு மீன்குடி வளர்கிறதா தேய்கிறதா என்பது புலப்படும். விண்டர்மியர்ப் பேர்ச்சினை ஆராய்ந்த ஈ. டி. லெ கிரென் 1951இல் வெளியிட்ட நீள-எடைத் தொடர்பு பற்றிய கட்டுரை உலகெங்கும் மீனியலாளரின் அடிப்படைக் கருவிகளுள் ஒன்றாகியது. அக்கட்டுரைக்குப் பின்னாலிருப்பது தனிமனிதரின் மேதைமை மாத்திரமன்று. பொறியைத் தூக்கியவர், மீனை அளந்தவர், ஏட்டிற் குறித்தவர் எனப் பலரது கூட்டுழைப்பும், அவ்வுழைப்பு இடையறாமல் நடைபெற ஊதியம் அளித்த ஒரு நிறுவனமும் ஆகும். ஆய்வு முகாமைத்துவம் எனப்படுவதன் சாரம் இதுவே.

போரின் இறுதிக்கட்டத்தில் பிரித்தானியா தன் குடியேற்ற நாடுகளின் உணவு உற்பத்தியைப் பெருக்க முனைந்தது. 1940, 1945ஆம் ஆண்டுகளின் குடியேற்ற நாட்டு அபிவிருத்தி நலன்புரிச் சட்டங்கள் ஆய்வுக்கு நிதி வழங்கின. தொழிலாளர் கிளர்ச்சிகளும் விடுதலைக் குரல்களும் எழத் தொடங்கிய காலம் அது. மலிவான புரத உணவு கூலியின் அளவோடு தொடர்புடைய ஒன்றாதலால், மீன் ஆய்வும் ஏகாதிபத்தியத்தின் பொருளாதாரத் தேவைகளுள் ஒன்றாயிற்று. இப்பின்புலத்திலேயே 1947இல் கிழக்காபிரிக்க மீன்பிடி ஆய்வு நிறுவனம் ஜின்ஜாவில் தோன்றியது. விண்டர்மியரிற் பணியாற்றிய ஆர். எஸ். ஏ. போச்சம்ப் அதன் முதற் பணிப்பாளரானார். அதே ஆண்டில், ஏரி முழுவதற்கும் பொதுவாக விக்டோரியா ஏரி மீன்பிடிச் சேவையும் நிறுவப்பட்டது. கிரகமின் இரண்டாவது பரிந்துரை பதினெட்டு ஆண்டுகளின் பின் இவ்வாறு செயலுருப் பெற்றது. ஆயின் அச்சேவை 1960இல் கலைக்கப்பட்டது.

ஜின்ஜாவின் முதல் இருபதாண்டுகளின் அறிவுச் சாதனையைக் குறைத்து மதிப்பிடுதல் தவறாகும். விண்டர்மியரில் விலாங்கு மீனை ஆராய்ந்து, பின்னர் நியாசா ஏரியில் திலாப்பியா பற்றிய களஆய்வை நடத்திய ரோஸ்மேரி லோ, 1948 முதல் இங்குப் பணியாற்றித் திலாப்பியா இனங்களின் இனப்பெருக்கம், வாழிடம் ஆகியவற்றை விளக்கினார். ஹம்ப்ரி கிறீன்வூட் 1950களில் ஏரியின் சிறுமீன்களை இனம்பிரித்து, அவை ஒரே ஏரியினுள் நூற்றுக்கணக்கான இனங்களாகப் பிரிந்து வளர்ந்துள்ளமையைக் காட்டினார். ஜாக் டோலிங் 1960-61இல் நீரின் பாசி உயிர்களையும் அவற்றின் உற்பத்தியையும் அளந்தார்.

இச்சாதனையின் மறுபக்கமும் உண்டு. லோ 1953இல் திருமணஞ் செய்தபோது, மணமான பெண்கள் பணியாற்றவியலாது என்ற குடியேற்ற நாட்டுச் சேவை விதியின்படி பதவியைத் துறக்க நேர்ந்தது. ஆபிரிக்க உதவியாளர் வலையிழுத்தனர், படகோட்டினர், பிடிபாட்டை எண்ணினர். அவர்களின் பெயர் கட்டுரைகளின் தலைப்பில் இடம்பெறவில்லை. கரையோர மீனவர், ஆய்வுக்குரிய மீனைத் தருவோராகவும் சட்டத்தை மீறுவோராகவும் கருதப்பட்டனரேயன்றி, ஏரியை அறிந்தோராகக் கருதப்படவில்லை. நிலையம் ஏரியை அறிந்தது. ஏரியில் உழைத்தோருடன் அதற்கு உறவு இருக்கவில்லை. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இவ்வுண்மை இன்றியமையாதது.

4

இனி, முன்னர்க் குறிப்பிட்ட சொல்லுக்கு வருவோம். ஏரியின் சிறுமீன்கள் விரலளவின. லுவோ மொழியில் அவை ஃபுலு எனவும், லுகண்டா மொழியில் என்கெஜ்ஜே எனவும் வழங்கும். கரையோர மக்கள் அவற்றை வெயிலில் உலர்த்திச் சேமித்தனர். பெண்கள் சந்தைக்கு எடுத்துச் சென்றனர். புகண்டா மக்களிடையே குழந்தைக்குப் பாலுடன் பிற உணவு ஊட்டத் தொடங்கும் காலத்தில் என்கெஜ்ஜே முக்கிய உணவாக இருந்தது. சடங்குகளிலும் அதற்கு இடமிருந்தது. மீன்பிடித் திணைக்களத்து அதிகாரிகளின் ஆவணங்களிலோ இம்மீன்கள் 'குப்பை மீன்' என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லாற் குறிக்கப்பட்டன.

ஒரே உயிரினம் ஒரு மொழியில் உணவாகவும் இன்னொரு மொழியிற் குப்பையாகவும் பெயர்பெறுவது மொழியியல் விந்தை அன்று. பயன்மதிப்புக்கும் பரிவர்த்தனை மதிப்புக்கும் இடையிலான முரண்பாடே இப்பெயர் வேறுபாடாக வெளிப்படுகின்றது. உலர்த்திய சிறுமீன் குடிசையின் தேவையை நிறைவேற்றிற்று. ஆனால் நகரச் சந்தையிலோ வெளிநாட்டுச் சந்தையிலோ விலைபோகவில்லை. விலைபோகாத ஒன்றைக் குப்பை என அழைப்பது பண்ட உற்பத்தியின் கருத்துநிலையாகும். அழைத்தவர்கள் இதனை உணர்ந்தே செய்தனர் என்பதற்கில்லை. கருத்துநிலை தன்னை இயல்பான விவரணையாகவே காட்டிக்கொள்ளும்.

குப்பை எனப் பெயரிடப்பட்டவுடன் அதனைப் பயனுள்ள ஒன்றாக மாற்றவேண்டும் என்ற தருக்கம் தானாகவே தொடர்கின்றது. அல்பேட் ஏரியிலுள்ள நைல் கொடுவாவை விக்டோரியா ஏரியில் விட்டால், அது இச்சிறுமீன்களை உண்டு பெருமீனாக வளரும். தூண்டில் விளையாட்டுக்கும் உதவும் என அதிகாரிகள் வாதிட்டனர். இது நமது களப்புகளில் அகப்படும் கொடுவாவின் சாதியைச் சேர்ந்த மீன். 100 கிலோகிராம் எடைக்கு மேலும் வளரக்கூடியது. இத்திட்டத்தை ஜின்ஜா ஆய்வாளர் எதிர்த்தனர். 1957 முதல் 1960 வரை அங்குப் பணியாற்றிய ஜெப்ரி பிரையர் 1960இல் வெளியிட்ட கட்டுரை இவ்வெதிர்ப்பின் தெளிந்த வடிவமாகும். உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படியிலும் சக்தியின் பெரும்பகுதி இழக்கப்படுகின்றது. ஆதலால் சிறுமீனை உண்ணும் பெருமீனைப் பிடிப்பதனால் ஏரியின் மொத்த விளைவு குறையுமேயன்றிக் கூடாது. சிறுமீனை நேரடியாகப் பிடிப்பதே தகும். விட்ட மீனை மீளப்பெறல் இயலாது என்பன அவரது வாதங்கள்.

ஆனால் அக்கட்டுரை வெளியாகுமுன்னரே காரியம் நடந்துமுடிந்திருந்தது. 1954இல் உகண்டாப் பகுதியில் நைல் கொடுவா அறிவிப்பின்றி ஏரியில் விடப்பட்டது எனப் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. 1960இல் ஜின்ஜாவுக்கு அண்மையிலேயே அது வலையில் அகப்பட்டது. ஏற்கெனவே ஏரியில் இருப்பதால் இனித் தடுத்துப் பயனில்லை என்ற நிலையில், 1962-63இல் அது அதிகாரபூர்வமாகவும் விடப்பட்டது. ஆய்வுநிலையமும் திணைக்களமும் ஒரே ஏகாதிபத்திய நிருவாகத்தின் இரு கைகள். ஒரு கை எழுதிய எச்சரிக்கையை மறுகை படிக்கத் தேவையிருக்கவில்லை. கிரகம் 1929இல் எழுதிய மூன்றாவது கருத்து இவ்வாறு காலாவதியாக்கப்பட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில் நைலோன் வலை வந்தது. 1956ஐ அடுத்து உகண்டாவும் தங்கனிக்காவும், 1961இல் கென்யாவும், ஐந்து அங்குல விதியைக் கைவிட்டன. ங்கெகே மேலும் அருகியது. அதனை ஈடுசெய்ய வேறு திலாப்பியா இனங்கள் கொண்டுவந்து விடப்பட்டன.

5

விடுதலைக்குப் பின் நிலையம் கிழக்காபிரிக்க நன்னீர் மீன்பிடி ஆய்வு நிறுவனமாகத் தொடர்ந்தது. மக்கரேரே முதலிய பல்கலைக்கழகங்களிற் பயின்ற ஆபிரிக்க ஆய்வாளர் அதன் பொறுப்புகளை ஏற்கத் தொடங்கினர். 1967இல் உருவான கிழக்காபிரிக்க சமுதாயம் மூன்று நாடுகளுக்கும் பொதுவான ஆய்வுக்கு அரசியல் அடித்தளத்தை அளித்தது. 1969 முதல் 1971 வரை ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் துணையுடன் ஏரி முழுவதிலும் இழுவைமடி ஆய்வு நடத்தப்பட்டது. அதன் முடிவுகளைக் குதொங்கானியாவும் கோர்டோனும் 1974இல் வெளியிட்டனர். அடிநீர் மீனின் மொத்த எடையில் ஏறத்தாழ 80 வீதம், குப்பை எனப்பட்ட அச்சிறுமீன்களே என்பது அவ்வாய்விற் புலனாயிற்று. ஏரியின் செல்வம் எதுவென்று எண்ணிப் பார்த்தபோது, அது முன்பு பெயரிடப்படத் தகுதியற்றதாக இருந்த ஒன்றாகவே இருந்தது.

இவ்வறிவினைப் பயன்படுத்த அவகாசம் கிடைக்கவில்லை. 1971இல் உகண்டாவில் இடி அமீனின் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. 1977இல் கிழக்காபிரிக்க சமுதாயம் குலைந்தது. நிறுவனமும் மூன்றாகப் பிரிந்தது. ஜின்ஜாவில் இருந்தது உகண்டாவின் தேசிய நிறுவனமாயிற்று. கென்யாவும் தன்சானியாவும் தத்தமக்கு நிறுவனங்களை அமைத்துக்கொண்டன. மீனுக்கு எல்லை இல்லை. கணக்கேட்டுக்கு எல்லை வந்தது. 1978-79இன் போரும் அதனைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் உகண்டாவின் ஆய்வு வாழ்வைச் சிதைத்தன.

சரியாக இப்பத்தாண்டிலேயே நைல் கொடுவா பெருகியது. 1980களின் தொடக்கத்தில் கென்யப் பகுதியிலும், அடுத்து உகண்டாவிலும், பின்னர் தன்சானியாவின் முவான்சா வளைகுடாவிலும் வலைகளில் அதுவே நிறைந்தது. சிறுமீன்கள் மறைந்தன. ஏறத்தாழ 200 இனங்கள் அழிந்தன அல்லது காணாமற்போயின என முவான்சாவில் ஆராய்ந்த ஒல்லாந்த ஆய்வாளர் மதிப்பிட்டனர். ஏரி முழுவதையும் ஒருங்கே நோக்கவல்ல நிறுவனம் எப்பொழுது மிகத் தேவைப்பட்டதோ, அப்பொழுது அது இல்லை. இதனை இயற்கையின் விபத்து எனல் இயலுமா?

சிறுமீனுடன் ஒரு பொருளாதாரமும் மறைந்தது. சிறுமீன் வெயிலில் உலர்ந்தது. கொழுப்பு மிக்க கொடுவாவுக்குப் புகையூட்டல் வேண்டும். அதற்கு விறகு வேண்டும். எனவே கரையோரக் காடுகள் மேலும் வெட்டப்பட்டன. 1990களில் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் துண்டாக்கும் ஆலைகள் பெருகின. அதுவரை மீனைப் பதப்படுத்தி விற்ற பெண்கள் ஆலையின் விலைக்குப் போட்டியிட முடியாது பின்தள்ளப்பட்டனர். சதை ஐரோப்பாவுக்குச் சென்றது. எஞ்சிய தலையும் முள்ளும் கரையோரத்து ஏழைகளின் உணவாயின. கிசுமுவில் அதற்கு 'திறந்த முதுகு' எனப் பொருள்படும் சுவாகிலிப் பெயர் வழங்கலாயிற்று. அதிகாரிகள் மீனுக்குக் குப்பை எனப் பெயரிட்டனர். மக்கள் தமக்கு விடப்பட்ட முள்ளுக்குப் பெயரிட்டனர். இவ்விரு சொற்களுக்கும் இடையில் அரை நூற்றாண்டின் வர்க்க வரலாறு அடங்கியுள்ளது.

6

இவ்விளக்கத்துக்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் நோக்குதல் கடன். நைல் கொடுவாவின் வரவால் ஏரியின் ஆண்டுப் பிடிபாடு 1970களில் இருந்த ஏறத்தாழ ஒரு இலட்சம் தொன்னிலிருந்து 1990 அளவில் ஐந்து இலட்சம் தொன்வரை உயர்ந்தது. பலருக்குத் தொழில் கிடைத்தது. நாடுகளுக்கு அந்நியச் செலாவணி கிடைத்தது. மொத்த விளைவு குறையும் என்ற பிரையரின் எதிர்பார்ப்பு அக்காலத்தில் நிறைவேறவில்லை. சிறுமீன் குறைந்தபின் கொடுவா இறாலையும், தாகா எனப்படும் வெள்ளிநிறச் சிறுமீனையும், தன் குஞ்சுகளையுமே உண்டு பெருகியது. இவ்வுண்மைகளை மறைப்பது விஞ்ஞான நோக்காகாது.

மேலும், சிறுமீன்களின் அழிவுக்குக் கொடுவா ஒன்றே காரணம் எனக் கூறவும் இயலாது. பயிர்நிலங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் வந்துசேரும் கழிவுச் சத்துகளால் ஏரியிற் பாசி பெருகி நீர் கலங்கியது. ஆழநீரில் ஒட்சிசன் குன்றியது. 1990 அளவில் மேற்கொள்ளப்பட்ட அளவீடுகளை டோலிங்கின் 1960-61 அளவீடுகளோடு ஒப்பிட்டபோதே இம்மாற்றத்தின் பருமை வெளிப்பட்டது. முப்பதாண்டுகளுக்கு முன் ஜின்ஜாவின் ஆய்வுக்கூடத்தில், உடனடிப் பயன் எதுவும் கருதாமல் எழுதிவைக்கப்பட்ட எண்கள், பிற்காலத்தவருக்கு ஒரே அளவுகோலாக உதவின. காலனித்துவ நிறுவனத்தின் விளைபொருள் என்பதனால் அவ்வறிவு பொய்யாகிவிடவில்லை. நிறுவனத்தின் வர்க்கச் சார்பும், அது ஈட்டிய அறிவின் புறநிலை உண்மையும் இரு வேறு வினாக்கள். முன்னதைக் காட்டிப் பின்னதை நிராகரிப்போரும், பின்னதைக் காட்டி முன்னதை மறைப்போரும் ஒரே தவற்றின் இரு பக்கங்களையே பிரதிநிதித்துவஞ் செய்கின்றனர்.

ஆயின் பிடிபாட்டுத் தொகை மட்டும் சமூக நலனின் அளவுகோலாகாது. யார் பிடித்தது, யாருக்கு விற்றது, யார் உண்டது என்ற வினாக்கள் தொன்கணக்கில் அடங்குவதில்லை. 1997க்கும் 2000க்கும் இடையில் ஐரோப்பிய ஒன்றியம் சுகாதாரக் காரணங்களைக் காட்டி இறக்குமதியைப் பலமுறை தடுத்தபோது, கரையோர மீனவரின் வருமானம் உடனடியாக வீழ்ந்தது. தூரத்துச் சந்தையொன்றின் முடிவு தமது துறையின் அன்றாட உணவைத் தீர்மானிக்கும் நிலைக்கு அம்மக்கள் கொண்டுவரப்பட்டிருந்தனர். பிற்காலத்தில் எடையளவில் ஏரியின் முதன்மைப் பிடிபாடாகத் தாகா உயர்ந்தமையும் கவனிக்கத்தக்கது. அதில் ஒரு பெரும்பகுதி மனிதர் உணவாகாது கால்நடைத் தீவனமாகின்றது. சிறுமீன் குப்பை என்ற எண்ணம் வேறு வடிவில் இன்றும் நின்று நிலவுகின்றது.

1994இல் மூன்று நாடுகளும் உடன்படிக்கை செய்து விக்டோரியா ஏரி மீன்பிடி அமைப்பை உருவாக்கின. அதன் தலைமையகம் ஜின்ஜாவிலேயே அமைந்தது. ஏரி முழுவதற்கும் ஒரே அமைப்பு வேண்டும் என்று 1929இல் எழுதப்பட்டதற்கும் இதற்கும் இடையில் 65 ஆண்டுகள் கழிந்திருந்தன. கரையோரங்களில் மீனவரின் பிரதிநிதிகளைக் கொண்ட முகாமைக் குழுக்களும் பின்னர் அமைக்கப்பட்டன. குறைபாடுகள் பலவெனினும், ஏரியில் உழைப்போர் ஏரியை அறிந்தோருமாவர் என்பதை நிறுவனரீதியாக ஏற்றதில் அவற்றின் முக்கியத்துவம் தங்கியுள்ளது.

7

இறுதியாக நமது குளங்களைப் பற்றிச் சில கூறுவோம். 1952இல் மொசாம்பிக் திலாப்பியா இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு நீர்த்தேக்கங்களில் விடப்பட்டது. 1975இல் நைல் திலாப்பியாவும் வந்தது. விக்டோரியா ஏரியில் நேர்ந்த அழிவு இங்கு நேரவில்லை. காரணம் தெளிவானது. இலங்கையில் விக்டோரியா போன்ற இயற்கை ஏரிகள் இல்லை. நமது உள்நாட்டு மீன்கள் பெரும்பாலும் ஆற்றுக்குரியன. மனித உழைப்பால் உருவான குளங்களின் அகன்ற திறந்த நீர் பெரிதும் வெறுமையாகவே இருந்தது. திலாப்பியாவும் கொன்றுண்ணி அன்று. ஒரே செயல் வேறுபட்ட பௌதிக நிலைமைகளில் வேறுபட்ட விளைவைத் தருமென்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அந்நிய மீன் என்பதனாலேயே ஒன்றைப் பழிப்பதும், விளைவு பெருகிற்று என்பதனாலேயே ஒன்றைப் போற்றுவதும் ஒருசேரத் தவறானவை.

ஆயின் நிறுவனங்களின் வரலாற்றில் ஒப்புமை உண்டு. 1979க்கும் 1982க்கும் இடையில் ஒஸ்திரிய, இலங்கைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர் பொலன்னறுவைப் பராக்கிரம சமுத்திரத்தை முறையாக ஆராய்ந்தனர். அவ்வாய்வு 1983இல் நூலாயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகுவின் ஆட்சியில் உருவான குளமொன்றின் நீரும் பாசியும் மீனும் பறவையும் இவ்வாறு ஒருங்கே அறியப்பட்டன. ஏழாண்டுகள் கழிந்து 1990இல், சமய உணர்வுகள் காரணமாகக் காட்டப்பட்டு, உள்நாட்டு நன்னீர் மீன்பிடிக்கு அரசு வழங்கிய ஆதரவு விலக்கப்பட்டது. குஞ்சு விடுவதும் கண்காணிப்பும் நின்றன. தடைசெய்யப்பட்ட சிறுகண் வலைகள் பரவின. 1994இல் ஆதரவு மீண்டது. அந்நான்கு ஆண்டுகளின் பாதிப்பு, உலர்வலயக் குளக்கரைகளில் மலிவான மீனை நம்பி வாழ்ந்த விவசாயக் குடும்பங்களின் மீதே விழுந்தது. அம்முடிவை எடுத்தவர்கள் எவரும் குளத்து மீனை அன்றாட உணவாகக் கொண்டவரல்லர். முடிவு பற்றிக் குளத்து மீனவரையோ ஆய்வாளரையோ கேட்டல் அவசியமெனக் கருதப்படவுமில்லை.

ஜின்ஜாவின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே. ஆய்வுநிலையம் ஒன்றின் வலிமை அதன் கருவிகளில் மட்டும் தங்கியிருப்பதில்லை. கணக்கேடு அரசியல் மாற்றங்களுக்கூடாக இடையறாது பேணப்படுகின்றதா, அதில் எழுதப்படுவது முடிவெடுக்கும் இடத்தைச் சென்றடைகின்றதா, அதனை எழுதுவதற்கு மீன் தருவோருக்கு அதன் பொருள் திருப்பிக் கூறப்படுகின்றதா என்பனவே அதனைத் தீர்மானிக்கின்றன. இம்மூன்றுள் முதலாவதை விண்டர்மியர் நிறைவேற்றியது. ஜின்ஜாவில் இரண்டாவது தடுக்கப்பட்டது, முதலாவது முறிந்தது, மூன்றாவது தொடங்குவதற்கே அரை நூற்றாண்டு சென்றது. நமது பல்கலைக்கழகங்களில் விலங்கியல் பயிலும் மாணவர் அளவைப் பலகையில் மீனைக் கிடத்தும்போது, அம்மீனுக்குக் குளக்கரை மக்கள் வழங்கும் பெயரையும் விலையையும், அதனை உண்போர் யார் என்பதையும் ஏட்டின் மற்றொரு நிரலிற் குறித்துவைப்பாராயின், அது விஞ்ஞானத்துக்குப் புறம்பான செயலாகாது. மக்களுடைய விஞ்ஞானம் அத்தகைய நிரல்களிலிருந்தே தொடங்கும்.